காசில்லாமல் நின்றுபோன விவாகரத்து. இப்போது காசு வந்துவிட்டது

கொக்குவில் ரீச்சர் கேட்கிறார்:

பெயர் போடவில்லை, மன்னியுங்கள். யாழ்ப்பாணப் பக்கம், ஊர் சின்னது. வயது 41, அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். என் மனிசனுக்கு அலுமினியம் பொருத்தும் வேலை: ஜன்னல், கதவு, கடை முகப்பு. போர் முடிந்த பிறகு வெளிநாட்டுக் காசில் ஊரெல்லாம் வீடு எழும்பிய காலத்தில் ஆறு பொடியன்களை வைத்து வேலை செய்தவர். கல்யாணம் 2009இல். ஒரு மகள், பத்தாம் வகுப்பு.

2021 கடைசியில் பிரிவது என்று இரண்டு பேருமாகத் தீர்மானித்தோம். அடி, உதை, குடி, வேறு பொம்பிளை ஒன்றும் இல்லை. அதனால்தான் ஊருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். கதைத்தால் சண்டை, கதைக்காவிட்டால் வீடு செத்த வீடு மாதிரி. இதற்கு மேல் காரணத்தை நீட்டப் போவதில்லை. 2022 தைப்பொங்கல் முடிந்த கையோடு மானிப்பாயில் அவருக்கு ஒரு வாடகை வீடு பார்த்தோம். நானும்தான் கூடப் போனேன், கிணறு எப்படி, குசினி எப்படி என்று பார்க்க. (சிரிக்காதீர்கள்.) பங்குனியில் சட்டத்தரணியிடம் போவதாக இருந்தது.

பங்குனியில் (மார்ச்) இலங்கையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். இருநூறு ரூபாயில் கட்டி வைத்திருந்த டொலரை அவிழ்த்து விட்டார்கள், வைகாசிக்குள் முந்நூற்று அறுபது. இவர் ஏழு வீட்டுக்குப் பழைய விலையில் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். அலுமினியம் இறக்குமதிச் சாமான். எல்சி (இறக்குமதிக்கான வங்கிக் கடன்பத்திரம்) திறக்க வங்கியில் டொலர் இல்லை, கொழும்புக் கடைக்காரன் காலையில் ஒரு விலை சொல்வான், பின்னேரம் இன்னொரு விலை. ஏழு வீட்டில் நாலு வீட்டைக் கைக்காசு போட்டு முடித்துக் கொடுத்தார். ஐந்தாவதுக்கு எங்கள் குசினி ஜன்னலுக்கென்று வாங்கி வைத்திருந்த சட்டங்களையே வெட்டினார். அந்த ஓட்டைக்கு ஒரு பிளைவுட் அடித்தார், அதோடு சரி.

சித்திரை (ஏப்ரல்) 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை ஏழு வீதப் புள்ளி ஏற்றியது. பிறகு இவருடைய ஓடிக்கு (வங்கி மேலதிகப் பற்றுக்கு) வங்கி எடுத்த வட்டியைப் பார்த்தால் தலை சுற்றும். பட்டா வாகனத்துக்கு (சின்ன லொறி) லீசிங் வேறு. பொடியன்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். மானிப்பாய் வீட்டுக்கு ஆறு மாத அட்வான்ஸ் என்று ஒதுக்கிய காசு இரண்டு கிழமையில் போனது.

பிறகு என் சம்பளம்தான். அறுக்கப் போகிற தாலிக்கொடியை அடைவு வைத்து, பிரியப் போகிற மனிசனின் பட்டாவுக்கு லீசிங் கட்டினேன். அதை எழுதும்போது எனக்கே விசர் மாதிரி இருக்கிறது. ஆனால் பட்டா போனால் தொழில் போய்விடும், தொழில் போனால் மகளுக்கு அவர் எதைத் தருவது? கணக்கு ரீச்சர் போட்ட கணக்கு அது.

வீட்டில் இருந்தது ஒரு காஸ் சிலிண்டர். 12.5 கிலோ சிலிண்டர் சித்திரைக் கடைசியில் 4,860 ரூபா, அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால். அவர் பின் வளவில் மூன்று கல் வைத்து அடுப்புப் போட்டார். பனை மட்டை, தேங்காய்ப் பொச்சு, ஊமல் (காய்ந்த பனங்கொட்டை). ஊமல் நின்று எரியும், ஆனால் பற்ற வைக்கப் பொறுமை வேணும். விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் பற்ற வைத்துவிட்டு, நான் பிட்டு அவிக்க வரும்போது எழும்பிப் போய்விடுவார். ஒரு வார்த்தை கதைப்பதில்லை. அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நேரத்தில் மகளுக்குப் படிக்க ஜாம் போத்தல் விளக்கு செய்து கொடுத்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் படித்த எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்: அடியில் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் சுற்றிய திரி. மகள் அதைப் போன் வெளிச்சத்தில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டாள். நானும் அவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். பல மாதத்துக்குப் பிறகு.

இப்போது 2025. தாலிக்கொடி போன வருடம் மீண்டு வந்தது. மூன்று பொடியன்கள் திரும்பி வந்துவிட்டார்கள், மற்ற மூன்று பேர் வெளிநாடு. ஓடியும் அடைபட்டு வருகிறது. போன மாதம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவராகவே கேட்டார்: "அண்டைக்குக் கதைச்சதை இனிச் செய்வமா?"

நான் பதில் சொல்லவில்லை. அதுதான் இங்கே கேட்கிறேன். காசுக் கஷ்டத்தில் இப்படி ஒத்திப்போட்ட ஆட்கள் வேறு யாரும் இருக்கிறீர்களா? எங்களை நெருக்கடி சேர்த்து வைத்ததா, இல்லைப் பிரிவதற்கு வசதியில்லாமல் சும்மா கட்டிப் போட்டதா? அப்புறம் சட்டப்படி என்ன செய்ய வேணும் என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொருளியல் மாஸ்டர்:

ரீச்சர், உங்கள் கதை புதுசில்லை. அமெரிக்காவில் 1930களின் பெருமந்தம் தொடங்கியபோது விவாகரத்து கூடவில்லை, குறைந்தது. பொருளாதாரம் நிமிர நிமிரத் திரும்ப ஏறியது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகும் அதே கோலம்: 2009இல் இறங்கி, பிறகு கொஞ்சம் ஏறியது. வீட்டு விலை விழுந்ததால் வீட்டை விற்றுப் பாதி பாதி பிரிக்க முடியவில்லை. விற்றால் கடன்தான் மிஞ்சும். ஆகவே ஒரே வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள்.

காரணம் சின்னக் கணக்கு. ஒரு வீட்டில் இரண்டு பேர் சீவிக்கிற செலவை விட இரண்டு வீட்டில் இரண்டு பேர் சீவிக்கிற செலவு கூட. இரண்டு அடுப்பு, இரண்டு கரண்ட் பில், இரண்டு வாடகை. 2022 புரட்டாதியில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது, சாப்பாட்டுச் சாமான் மட்டும் எடுத்தால் 95 வீதத்துக்குக் கிட்ட. அந்த நேரத்தில் யார் தனிக்குடித்தனம் போவது?

ஆனால் ஒன்று: வழக்கு எண்ணிக்கை குறைந்தது என்றால் சண்டை குறைந்தது என்று அர்த்தமில்லை. மனிசனுக்கு வேலை போனால் குடும்பம் உடையும் வாய்ப்புக் கூடும் என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. கஷ்டம் கயிற்றை இழுக்கும், செலவு முடிச்சைப் பிடித்து வைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். உங்கள் வீட்டில் எது எவ்வளவு என்பதை என் பாடப் புத்தகம் சொல்லாது.

ஸ்காபரோ அக்கா:

தங்கச்சி, நான் கனடா வந்து 26 வருசம். இங்கே இந்தக் கதையின் பெயர் பேஸ்மென்ட். 2022, 2023இல் வட்டி கிடுகிடுவென்று ஏறி, கனடா மத்திய வங்கி வீதம் 5க்கு வந்தது. மாறும் வட்டியில் வீடு வாங்கின எங்கடை சனத்துக்கு மாதக் கட்டுக்காசு நெஞ்சில் ஏறி இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு சோடி பிரிந்து இரண்டரை வருசம். அவள் மேலே, அவன் கீழே பேஸ்மென்டில். ஒருவர் பங்கை மற்றவர் வாங்கக் காசில்லை, விற்கவும் விலை சரியில்லை. கோயில் திருவிழாவுக்கு ஒரே காரில் வருவார்கள், வாகனத் தரிப்பிடத்தில் இறங்கி ஆளுக்கொரு பக்கம் நடப்பார்கள்.

ஆனால் இங்கே சட்டம் அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. ஒரு வருசம் பிரிந்து இருந்தால் போதும், யார் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் சமையல், படுக்கை, காசு எல்லாம் வேறு வேறு என்று காட்டினால் அதையும் பிரிவாக எடுப்பார்கள். ஊரில் எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஒன்று கேட்கட்டா? "செய்வமா" என்று கேட்டவர் எந்தக் குரலில் கேட்டவர்? செய்யச் சொல்லிக் கேட்டவரா, வேண்டாம் என்று நீங்கள் சொல்லவேணும் என்று கேட்டவரா? எங்கடை ஆம்பிளையள் இரண்டுக்கும் ஒரே குரல்தான் வைத்திருக்கிறார்கள்.

நல்லதே நடக்கும்:

பிள்ளைக்காகச் சேர்ந்து இருங்கோ. கணவன் மனைவிக்குள் இதெல்லாம் சகஜம். நல்லூர் முருகனை நம்புங்கோ, எல்லாம் சரிவரும்.

குருநகர்த் தம்பி:

மேலே இருக்கிற கருத்தைப் பார்த்து எரிச்சலில் எழுதுகிறேன்.

ரீச்சர் அக்கா, உங்களுக்கு அரசாங்கச் சம்பளம் இருந்தது. அடைவு வைக்க நகை இருந்தது. அதனால் நெருக்கடி உங்கள் வீட்டில் அடுப்பு மூட்டியது. என் அக்கா வீட்டில் அது வேறு மாதிரி நடந்தது. அத்தான் கடல் தொழில். 2022 ஆவணியில் படகுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340. அதற்கு முதலே மாதக்கணக்கில் எண்ணெய் கிடைக்கவில்லை, படகு கரையில். அக்கா பெயரில் நுண்கடன் இரண்டு இருந்தது. கிழமைக்கு ஒருக்கால் கடன்காரன் படலையில் வந்து நிற்பான், அத்தான் பின் வேலியால் போவார். ஆள் நிற்கவேண்டிய நேரத்தில் நிற்கவில்லை என்ற கோபம் அக்காவுக்கு, கடன் எடுத்தது நீதானே என்ற கோபம் அவருக்கு. கை நீட்டத் தொடங்கினார். முன்பு அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அந்த வருடம் நாட்டை விட்டு வேலைக்குப் போனவர்கள் மட்டும் 3 இலட்சத்துக்கு மேல். அத்தானும் வவுனியாவில் விடியவிடிய வரிசையில் நின்று பாஸ்போட் எடுத்து வளைகுடாப் பக்கம் போனார். முதல் ஆறு மாதம் காசு வந்தது. பிறகு போனும் இல்லை, காசும் இல்லை. அக்கா இன்னும் தாலி கட்டியிருக்கிறா. கச்சேரிப் (மாவட்டச் செயலகப்) படிவத்தில் "திருமணமானவர்" என்றுதான் எழுதுகிறா. எங்கள் பக்கம் விவாகரத்து என்பது பெரும்பாலும் இப்படித்தான், நீதிமன்றப் படி ஏறாமல் விமானம் ஏறி நடக்கும். எந்தக் கணக்கிலும் அது வராது, மாஸ்டர்.

கொக்குவில் ரீச்சர்:

தம்பி, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. என் சம்பளம் இல்லாவிட்டால் இந்தக் கதையே வேறு. உங்கள் அக்காவுக்கு யாராவது தாபரிப்பு (வாழ்க்கைச் செலவுக் காசு கேட்கிற) வழக்குப் பற்றிச் சொன்னார்களா?

நல்லதே நடக்கும் அவர்களுக்கு: நல்லூரானை நம்புகிறேன். அவருக்கே இரண்டு வீடு.

ஸ்காபரோ அக்கா, குரலைக் கவனிக்கவில்லை. அவர் அப்போது கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம்.

கோட்டடிக் கிழவன்:

நீதிமன்றப் பதிவேட்டறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். சட்டத்தரணி அல்ல, ஆனால் எத்தனை சோடியின் கோப்பைக் கட்டி அடுக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பிள்ளை, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். இந்த நாட்டில் பொதுத் திருமணச் சட்டப்படி "நாங்கள் இரண்டு பேரும் விரும்பிப் பிரிகிறோம்" என்று ஒரு விவாகரத்து இல்லை. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் மூன்று காரணத்தில் நிற்கிறது: பிறன்மனை உறவு, கெட்ட நோக்கோடு கைவிட்டுப் போவது, கல்யாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மை அல்லது பெண்மைக் குறைவு. மாற்ற வேண்டும் என்று பல வருடமாகப் பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே யாரோ ஒருவர் பிழைகாரர் ஆகவேணும். உன் கதையில் முதலாவதும் மூன்றாவதும் இல்லை. மிஞ்சுவது கைவிட்டுப் போனது. யார் யாரைக் கைவிட்டது?

ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகக் கிடைக்கும் என்று சனம் சொல்லும். குடியியல் நடைமுறைக் கோவை 608ஆம் பிரிவில் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதிலும் பிழை யாருடையது என்று பார்க்கவேணும் என்று மேன்முறையீட்டில் தீர்த்த வழக்கு உண்டு. இரண்டு பேரும் கூடிப் பேசி ஒரு பொய்க் கதை கட்டி வந்தது தெரிந்தாலும் வழக்கைத் தள்ளிவிடலாம். அதையும் மனதில் வை. மாவட்ட நீதிமன்றத்தில் போடுகிற வழக்கு, முதல் தீர்ப்பு வந்தாலும் மூன்று மாதம் கழித்துத்தான் அது முடிவாகும். இடையில் தவணை தவணையாக இழுபடுவது தனிக் கதை.

காசு விசயம். நீங்கள் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழருக்கான சொத்துச் சட்டத்துக்கு) உட்பட்ட ஆட்கள் என்றால் உன் சீதனக் காணி உன்னுடையது. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் உழைத்து வாங்கியது தேடிய தேட்டம், அதில் ஆளுக்குப் பாதி. சீதனக் காணியில் இரண்டு பேர் காசிலும் வீடு கட்டியிருந்தால் வாதம் அங்கேதான் நடக்கும், ரசீதுகளை எறியாதே. கல்யாணம் நிலைத்திருக்கும் வரைக்கும் உன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோகூட அவருடைய எழுத்துச் சம்மதம் வேணும். அவர் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். 2022இல் அவசரத்துக்குக் காணி உறுதி வைக்காமல் நகையை வைத்தாயே, தெரிந்து செய்தாயோ தெரியாமல் செய்தாயோ, இந்தக் கையெழுத்துச் சிக்கல் வரவில்லை.

குருநகர்த் தம்பி, உன் அக்கா 1999ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம், விவாகரத்து எடுக்கத் தேவையில்லை. ஆள் வெளிநாட்டில் என்றால் கட்டளையை நிறைவேற்றுவது கஷ்டம், ஆனால் ஒரு பதிவு இருக்கும். அந்த ஆள் இப்படிப் போனதே கைவிடல் வழக்குக்கு வலுவான காரணம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆள் வைத்துத் தரும், யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது. அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கிராம சேவகர் கடிதம் எல்லாம் எடுத்துக்கொண்டு அக்காவைக் கூட்டிப் போ. தனியே அனுப்பாதே.

குருநகர்த் தம்பி:

நன்றி ஐயா. திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன்.

கொக்குவில் ரீச்சர்:

பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, மன்னியுங்கள். தவணைப் பரீட்சைத் தாள் திருத்தம்.

ஐயா எழுதியதை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். யார் யாரைக் கைவிட்டது என்ற அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன்.

சனிக்கிழமை அவர் குசினி ஜன்னலைப் போட்டார். மூன்று வருடமாக நின்ற பிளைவுட்டைக் கழற்ற, அதற்குப் பின்னால் பல்லி முட்டை. முன்பு எடுத்த அளவு துண்டுக் கடதாசியில் இருந்தது, ஆனால் திரும்ப அளந்தார். நான் அளவு நாடாவின் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். அப்போதுதான் சொன்னேன்: இங்கே சும்மா பிரிய விடமாட்டார்களாம், ஒருவர் விட்டிட்டுப் போனதாக இருக்கவேணுமாம்.

அவர் அளவைக் கடதாசியில் எழுதி முடித்துவிட்டுச் சொன்னார்: "சரி, நான் விட்டிட்டுப் போனன் எண்டு போடு. உனக்கு ஸ்கூலிலை கதை வரக்கூடாது. எந்தத் திகதி எண்டு மட்டும் சொல்லு, கோட்டிலை கேட்டா நான் மாறிச் சொல்லக்கூடாது."

கூட்டுச் சதி என்று ஐயா சொன்னது இதைத்தான் என்று தெரியும். அதைச் சொல்லவும் சொன்னேன். "அப்ப நீ போனனி எண்டு போடுவமா?" என்றார். உண்மையாகவே கேட்டார், பகிடி இல்லை.

இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பொய்யாவது ஒரு திகதி பொருந்துகிறதா என்று பார்த்தேன், கணக்குப் பாடக்காரியின் வியாதி. 2022 ஆனி என்றால் பெற்றோல் இல்லாமல் பள்ளிக்கூடம் பூட்டிய நேரம், மூன்று பேரும் முழு நாளும் வீட்டில்தான். ஆடியில் பண்ணைப் பக்கம் வரிசையில் மோட்டார் சைக்கிளை வைத்துவிட்டு இரண்டு இரவு அங்கேயே படுத்தார், ஆனால் அது பள்ளிக்கூடம் திறந்தால் என்னை ஏற்றிப் போக. ஆவணியில் கியூஆர் எரிபொருள் பங்கீடு வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அவர் சைக்கிளில் வேலைக்குப் போய் அந்த நாலையும் எனக்கு விட்டார். 2023இல் அவருக்கு டெங்கு, கைவிடுகிற நிலையில் இருந்தது நான்தான், போகவில்லை. 2024இல் தாலிக்கொடி மீண்ட அன்று அவர் அதைத் தன் கையால் தரவில்லை, மகளிடம் கொடுத்து அனுப்பினார். அந்தத் திகதி கிட்டத்தட்டப் பொருந்தும்.

இதை வாசித்துவிட்டு "பார்த்தீர்களா, அன்பு" என்று யாரும் எழுத வேண்டாம். ஜன்னல் போட்ட அன்று பின்னேரமே மகளின் டியூசன் விசயத்தில் பழைய மாதிரிச் சண்டை பிடித்தோம். பக்கத்து வீட்டில் ரேடியோச் சத்தத்தைக் குறைத்துக் கேட்டார்கள்.

வருகிற வெள்ளி பின்னேரம் சட்டத்தரணியிடம் போகிறோம், இரண்டு பேருமாக, அவருடைய மோட்டார் சைக்கிளில். முதலில் காணி, வீடு, பட்டா, ஓடி எல்லாவற்றையும் எழுத்தில் போடச் சொல்லப் போகிறேன், ரசீதுப் பெட்டி எடுத்து வைத்தாயிற்று. வழக்கைப் பற்றி அதற்குப் பிறகு கேட்பேன். மானிப்பாய் வீடு இன்னும் வாடகைக்கு இருக்கிறதாம். அவர்தான் விசாரித்து வந்து சொன்னார், கிணற்றுக்கு இப்போது மோட்டர் போட்டிருக்கிறார்களாம்.